தலைநகரங்களைத் தாண்டினால் தென்கிழக்கு ஆசியாவில் எந்த ஊர்?

கேள்வி, ஜனவரி 6

"சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், பாலி நான்கும் பார்த்தாகிவிட்டது. தென்கிழக்கு ஆசியா அவ்வளவுதான் என்று தோன்றுகிறது. எங்கே போனாலும் அதே மால், அதே கோயில், அதே கடற்கரை. அடுத்த தடவை ஐரோப்பாவுக்குக் காசு சேர்க்கலாமா, இல்லை இந்தப் பக்கமே போவதற்கு வேறு ஊர் உண்டா?"

ஜனவரி 6, இரவு

காசு சேருங்கள், யார் தடுத்தார்கள். ஆனால் நீங்கள் பார்த்த நான்கில் மூன்று, விமானம் இறங்க வசதியான இடங்கள். நான்காவது ஒரு தீவு, அதை ஊர்க் கணக்கில் சேர்க்கக் கூடாது. இவற்றை வைத்துக்கொண்டு இந்தப் பகுதி முடிந்தது என்றால் எப்படி?

நான் ஊர் தேர்ந்தெடுக்கிற விதம் இது. ஒரு காலத்தில் பணம் கொழித்து, அப்புறம் அந்தப் பணம் வேறு பக்கம் நகர்ந்துபோன ஊரா என்று பார்ப்பேன். பணம் இருந்ததால் நல்ல வீடு, கோயில், மசூதி, தேவாலயம் எல்லாம் எழும்பியிருக்கும். பணம் போய்விட்டதால் அவற்றை இடித்துக் கோபுரக் கட்டடம் கட்ட யாருக்கும் அவசரம் இருந்திருக்காது. மலாக்கா, ஹோய் ஆன், ஈப்போ, லுவாங் பிரபாங், விகான் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். பாங்காக்கும் சிங்கப்பூரும் வராது. அங்கே பணம் போகவே இல்லை.

முதல் ஊர் என்று கேட்டால் பினாங்கின் ஜார்ஜ் டவுன். நாளை எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

ஜனவரி 7

ஜார்ஜ் டவுன். 1786இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைப்பற்றி உருவாக்கிய துறைமுகம். மலாக்காவோடு சேர்த்து 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இதெல்லாம் எந்தப் பயணக் கையேட்டிலும் இருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது ஒரே ஒரு தெருவில் நடப்பது: ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். வடக்கு முனையில் 1818இல் கட்டிய ஆங்கிலிகன் தேவாலயம். கொஞ்சம் தள்ளிக் குவான் யின் என்ற சீனக் கருணைத் தெய்வத்தின் கோயில், ஊதுபத்திப் புகையில் கண் எரியும். அப்புறம் மாரியம்மன் கோயில், அதன் வாசல் மட்டும் பக்கத்துக் குவீன் தெருவைப் பார்த்து இருக்கும். அதைத் தாண்டினால் சோழ மண்டலக் கரையிலிருந்து போன நம் முஸ்லிம்கள் 1801 வாக்கில் எழுப்பிய மசூதி. நான்கையும் சாவகாசமாக நடந்து பார்க்க ஒரு காலை போதும்.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சாதாரணம்தான். குவான் யின் கோயிலை விடப் பெரிய சீனக் கோயில்கள் எத்தனையோ உண்டு. நான்கும் ஒரே தெருவைப் பங்கு போட்டுக்கொள்வதைப் பார்க்கத்தான் போகிறோம். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், தொழுகை முடிந்து வருகிற கூட்டமும் சீனக் கோயிலுக்கு எண்ணெய் வாங்கிப் போகிற பாட்டிமாரும் ஒரே நாசிக் கண்டார் (சோறும் குழம்பும்) கடை வாசலில் முட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். யாரும் யாரையும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அது வெறும் வெள்ளிக்கிழமை.

ஜனவரி 7, பிற்பாடு

வெயில் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. பதினொரு மணிக்கு மேல் நாலு மணி வரை அங்கே நடக்காதீர்கள். "நாங்கள் பார்க்காத வெயிலா" என்று கிளம்பினால் ஈரப்பதம் ஆளை வீழ்த்திவிடும். கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி நடைவழி இருக்கும், கூரைக்கு அடியிலேயே நடக்கலாம். சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் 1822இல் போட்ட நகரத் திட்டத்தில் இதைக் கட்டாயமாக்கினார், அப்புறம் தீபகற்பம் முழுக்கப் பரவியது. ஆனால் பாதி நடைவழியில் மோட்டார்பைக்கும் நாற்காலியும் பூந்தொட்டியும் கிடக்கும். நிழலுக்காகக் கட்டியதை விட்டுவிட்டு வெயிலில் இறங்கி நடக்க வேண்டி வரும்.

ஜனவரி 9

"ஜார்ஜ் டவுன் இப்போது சுவரோவியத்துக்கு முன்னால் வரிசையில் நின்று படம் எடுக்கிற ஊர்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பொய்யில்லை. ஆர்மீனியன் தெருவில் சனிக்கிழமை காலை சைக்கிள் ஓவியத்துக்கு முன்னால் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் திரும்பிப் போய்விடத் தோன்றும்.

ஆனால் அந்த ஊர் மாறியதற்கு ஓவியத்தைக் குறை சொல்வது சுலபம். அதற்கு முன்பே ஒன்று நடந்தது. மலேசியாவில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று இருந்தது. போருக்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை ஏற்ற முடியாது. வீட்டுக்காரருக்கு இடித்துக் கட்டவும் வழியில்லை, பழுது பார்க்கவும் ஆசையில்லை. அதனால்தான் அத்தனை கடைவீடுகள் அழுக்கோடு அப்படியே நின்றன. உள்ளே தையற்காரர், பிரம்பு முடைகிறவர், சவப்பெட்டி செய்கிறவர் என்று தலைமுறைகளாக இருந்தார்கள். 1997இல் அந்தச் சட்டம் ரத்தானது, 2000இலிருந்து வாடகை சந்தை விலைக்குப் போனது. பழைய குடிகள் கிளம்பினார்கள். எட்டு வருடம் கழித்து யுனெஸ்கோ வந்தபோது கட்டடங்கள் இருந்தன, ஆட்களில் பலர் இல்லை.

ஆக, என் "பணம் விலகிய ஊர்" கணக்கில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பணம் திரும்பி வரும். நாமே அந்தப் பணம்.

ஜனவரி 9, இரவு

தைப்பூசத்துக்குப் பினாங்கு போகலாமா என்று கேட்டவருக்கு: போகலாம், அறையை மாதக்கணக்கில் முன்னால் எடுத்து வையுங்கள். ரதம் தண்ணீர்மலை நோக்கிப் போகிற வழியெல்லாம் சிதறுகாய் மலைபோல் குவிந்து கிடக்கும். உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம். வேண்டுதல் வைப்பதில் அவர்கள் நம்மைத் தோற்கடிப்பார்கள். செருப்பு மட்டும் மட்டமானதாகப் போட்டுப் போங்கள், தேங்காய்த் தண்ணீரில் ஊறி அதன் ஆயுள் முடிந்துவிடும்.

ஜனவரி 11

மலாக்கா.

1511இல் போர்த்துகீசியர், 1641இல் டச்சுக்காரர், 1824 ஒப்பந்தத்தில் ஆங்கிலேயர். அதற்கு முன் சுல்தான்கள். பினாங்கும் சிங்கப்பூரும் வளர்ந்ததும் கப்பல்கள் இங்கே நிற்பதை விட்டன, ஆற்று வாயிலும் மண் தூர்ந்தது. நூறு வருடத்துக்கும் மேலாகச் சும்மா கிடந்த ஊர்.

சிவப்புக் கட்டடங்கள் இருக்கிற டச்சுச் சதுக்கத்தில் ஒரு படம் எடுத்துவிட்டு உடனே ஆற்றைத் தாண்டுங்கள். பாட்டு அலறுகிற ரிக்‌ஷாக்கள், அதில் பொம்மை, பூ, விளக்கு... அந்தச் சத்தத்தில் ஒரு நிமிடம் நிற்க முடியவில்லை எனக்கு. குழந்தைகளுக்குப் பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

அக்கரையில் பொற்கொல்லர் தெரு என்ற ஜாலான் துக்காங் எமாஸ். 1781இல் தோன்றிய பொய்யாத விநாயகர் கோயில், சில அடி தள்ளி 1748இல் எழுந்த கம்போங் கிளிங் மசூதி. அதன் மினாரைப் பார்த்தால் சீனப் பகோடா என்றுதான் நினைப்பீர்கள், கூரை ஜாவாப் பாணியில் அடுக்கடுக்காகப் போகும். இன்னும் கொஞ்சம் நடந்தால் செங் ஹூன் தெங், மலேசியாவில் இன்றும் வழிபாடு நடக்கிற சீனக் கோயில்களில் மிகப் பழையது. பினாங்குத் தெருவைப் போன்றதுதான், ஆனால் இங்கே கட்டடங்களே ஒன்றுக்கொன்று கடன் வாங்கியிருக்கின்றன. பினாங்கில் நான்கு சமயமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, மலாக்காவில் கலந்தே விட்டன. எனக்கு இதுதான் பிடிக்கும்.

ஜனவரி 12

ஒருவர் "மலாக்கா செட்டிகள் நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்தானே" என்று எழுதியிருக்கிறார். இல்லை. நகரத்தார் வட்டித் தொழிலோடு பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் போனவர்கள். ஊர் திரும்புவார்கள், பெண் இங்கே எடுப்பார்கள். மலாக்கா செட்டிகள் அதற்குப் பல தலைமுறைக்கு முன்னால், சுல்தான்கள் காலத்திலேயே வணிகத்துக்குப் போய், அங்கேயே பெண் கட்டி, அங்கேயே தங்கிவிட்டவர்கள். வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் உடுத்துவது சாரோங்கும் கெபாயாவும். சமயம் சைவம். காஜா பேராங் பக்கத்தில் கம்போங் செட்டி என்று அவர்கள் குடியிருப்பு இருக்கிறது, சின்ன அருங்காட்சியகமும் உண்டு.

முத்துமாரியம்மன் கோயில் வாசலில் ஒரு பெரியவரிடம் தமிழில் பேச ஆரம்பித்தேன். அவர் சிரித்துக்கொண்டே மலாயில் பதில் சொன்னார். எனக்கு மலாய் தெரியாது. திருநீற்றுத் தட்டை நீட்டினார், பூசிக்கொண்டேன். உரையாடல் அத்தோடு முடிந்தது.

ஜனவரி 14

ஈப்போவுக்கு எத்தனை நாள்? ஒரு இரவு. கோலாலம்பூரிலிருந்து ஈ.டி.எஸ். என்ற மின்சார ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ரயில் நிலையமே ஹப்பக் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வடிவமைத்த வெள்ளை மாளிகை, உள்ளூர்க்காரர்கள் அதைத் தாஜ்மஹால் என்பார்கள். கொஞ்சம் அதிகம்தான்.

கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீயம் கட்டிய ஊர் இது. 1985இல் உலகச் சந்தையில் வெள்ளீய விலை சரிந்தபோது ஊரும் சரிந்தது. இளைஞர்கள் கோலாலம்பூருக்குப் போய்விட்டார்கள், முதியவர்களும் காப்பிக் கடைகளும் மிச்சம். அந்த மிச்சம்தான் இப்போது சுற்றுலா. சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள், அவற்றின் குகைகளுக்குள் சீனக் கோயில்கள். நம்முடைய கல்லுமலை முருகனும் அப்படி ஒரு குன்றின் அடியில்தான்.

பத்து காஜா பக்கம் கெல்லீஸ் காசில் என்ற அரைகுறை மாளிகைக்குப் போனால், மாளிகையைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு அருகில் இருக்கிற மாரியம்மன் கோயிலுக்கு நடந்துவிடுங்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி, மதராஸிலிருந்து கொத்தனார்களைக் கொண்டுபோய் மாளிகை எழுப்பினார். முதல் உலகப் போர் முடிந்த சமயம் பரவிய விஷக்காய்ச்சலில் தொழிலாளர்கள் செத்து விழ, கோயில் கட்டித் தாருங்கள் என்று கேட்டார்கள், கட்டிக் கொடுத்தார். நன்றிக்காகக் கோயில் கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவே வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக அவரையும் நிறுத்தியிருக்கிறார்கள். 1926இல் அவர் லிஸ்பனில் இறந்துபோனார். மாளிகை அப்படியே நின்றுவிட்டது. கோயிலில் பூசை நடக்கிறது.

ஜனவரி 15

சுமத்ராவின் மேடான் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

அழகான ஊர் இல்லை. நெரிசல், புகை, நடைபாதை என்பதே அபூர்வம். பணம் விலகவும் இல்லை, இந்தோனேசியாவின் பெரிய நகரங்களில் ஒன்று. என் கணக்குப்படி இது பட்டியலிலேயே வரக் கூடாது. ஆனாலும் போகச் சொல்வேன்.

1860களில் மேடானைச் சுற்றிய தெலிப் பகுதியில் டச்சுக்காரர்கள் புகையிலை போட ஆரம்பித்தார்கள். அதற்கு ஆள் வேண்டும்: சீனர், ஜாவாக்காரர், தமிழர் என்று கப்பல் கப்பலாக இறக்கினார்கள். இன்றைக்கும் கம்போங் மெட்ராஸ் என்றே ஒரு பகுதி இருக்கிறது, அங்கே 1884ஆம் ஆண்டு மாரியம்மன் கோயில். தெலி சுல்தானின் மைமூன் அரண்மனை, சீனச் செல்வந்தர் சோங் ஆ ஃபீயின் மாளிகை எல்லாம் ஒரே நாளில் பார்க்கலாம். ஊருக்கு வெளியே அன்னை வேளாங்கண்ணி ஆலயம், 2005இல் கட்டி முடித்தது. தேவாலயம்தான், ஆனால் கோபுரம் அடுக்கடுக்காக எழும்பி, தூரத்திலிருந்து கோயிலா மசூதியா என்று குழப்பும். கட்டியவர்கள் அந்தக் குழப்பத்தை விரும்பியே செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பினாங்கிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள். இறங்கினதும் டாக்ஸிக்காரர்கள் மொய்ப்பார்கள், கண்டுகொள்ளாமல் ரயிலைப் பிடியுங்கள், விமான நிலையத்திலிருந்தே ஊருக்குள் போகிறது. ஒரு விடுதியில் எனக்குக் கொடுத்த அறையில் ஜன்னலைத் திறந்தால் எதிரே சுவர். பெயர் வேண்டாம், ஆனால் அந்த ஊரில் அறை எடுக்கும்போது ஜன்னல் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள்.

ஜனவரி 18

மேலே எழுதியதை எல்லாம் திரும்பப் படித்தேன். மாரியம்மன், மாரியம்மன், மாரியம்மன். "மாரியம்மனைப் பார்க்க சமயபுரம் போதாதா, விமானம் ஏறணுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

தமிழ்த் தடம் தேடுவது ஒரு போதை. மலேசியாவின் கெடா மாநிலத்தில், மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குப் போனால் செங்கல் மேடையைப் பார்த்ததும் "கடாரம்!" என்று நெஞ்சு நிமிரும். 1025 வாக்கில் ராஜேந்திர சோழன் படை அனுப்பியது உண்மை, தஞ்சைக் கல்வெட்டில் ஊர்ப் பட்டியலும் இருக்கிறது. சுமத்ராவின் பாருஸ் பக்கம் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு பேசுகிறது. தாய்லாந்தின் தகுவாபாவில் அதற்கும் முந்திய ஒரு கல்வெட்டு, குளம் வெட்டியதையும் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவையும் சொல்கிறது. எல்லாம் சரி. ஆனால் அந்தச் செங்கல் மேடையைக் கட்டியவர்களும் பெரும்பாலும் அந்த மண்ணின் ஆட்கள்தான். நாம் போவதற்கு முன்பே அங்கே இரும்பு உருக்கி ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். நம் கால்தடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தால், ஊர் கண்ணில் படாது.

அதனால் அடுத்து, நமக்குச் சம்பந்தமே இல்லாத ஊர்கள்.

ஜனவரி 19

லாவோஸின் லுவாங் பிரபாங். மெக்கோங்கும் நாம் கானும் சேர்கிற முனையில் உட்கார்ந்திருக்கிற சின்ன ஊர். 1975 வரை அரச குடும்பம் இருந்தது. நிர்வாகம் இன்றைய தலைநகர் வியஞ்சானில் இருந்ததால் இங்கே பெரிய கட்டடம் எதுவும் வரவில்லை. 1995இல் யுனெஸ்கோ.

விடியற்காலையில் பிக்குகள் வரிசையாகப் பிச்சைக்கு வருவார்கள், ஊர்ப் பெண்கள் முழந்தாளிட்டுச் சோறு போடுவார்கள். பார்க்கலாம். ஆனால் தெருவின் எதிர்ப் பக்கத்தில் நின்று, ஃபிளாஷ் போடாமல், வாயை மூடிக்கொண்டு. பிக்குவின் முகத்துக்கு நேரே செல்பேசியை நீட்டின ஒரு கூட்டத்தைப் பார்த்தபோது கோபம் வந்தது. நம் ஊர்க் கருவறைக்கு முன்னால் யாராவது இப்படிச் செய்தால் விடுவோமா? முக்கியத் தெருவை விட்டு இரண்டு சந்து தள்ளிப் போனால் அதே பிக்குகள், கூட்டமே இல்லை.

முன்பு வியஞ்சானிலிருந்து மலைப்பாதையில் ஒரு பகல் முழுக்கப் பேருந்து. 2021 டிசம்பரில் சீனா வரை போகிற ரயில்பாதை திறந்த பிறகு இரண்டு மணி நேரம்தான். வசதிதான், சந்தேகமில்லை. அமைதி தேடிப் போகிறவர்கள் சீக்கிரம் போய்விடுவது நல்லது.

ஜனவரி 19, இன்னொன்று

அங்கே போரடிக்கும். மூன்றாம் நாள் மாலை ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்காருவதைத் தவிர வேலை இருக்காது. போரடிப்பதைத் தாங்க முடியாதவர்கள் போக வேண்டாம்.

ஜனவரி 22

வியட்நாமில் ஹோய் ஆனா, ஹுவேயா என்ற கேள்விக்கு: இரண்டும். நடுவில் தா நாங். ஹுவேயிலிருந்து தா நாங்குக்கு ரயிலில் போங்கள், ஹாய் வான் மலையைச் சுற்றிக் கடலை ஒட்டி வரும். கடல் பார்க்கிற பக்கம் இருக்கை கேளுங்கள்.

ஹோய் ஆன் பழைய துறைமுகம். சீனர்களும் ஜப்பானியர்களும் குடியிருந்து வியாபாரம் செய்தார்கள். து போன் ஆறு தூர்ந்ததும் கப்பல்கள் தா நாங்குக்குப் போய்விட்டன. மறுபடியும் நம் கதைதான். மாலையில் விளக்குத் தோரணங்கள் அழகு, நெரிசல் மூச்சு முட்டும். காலை ஆறு மணிக்கு அதே தெருவில் பால்காரனைப் போல் தனியாக நடந்தேன், மஞ்சள் சுவர்கள், நாய்கள், சந்தைக்குப் போகிற சைக்கிள்கள். பழைய வீடு ஒன்றில் வெள்ளம் எந்த வருடம் எவ்வளவு உயரம் வந்தது என்று சுவரில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். சில கோடுகள் தலைக்கு மேலே. சாமானை மாடிக்கு ஏற்றுவதற்கென்றே கூடத்தின் மேல்தளத்தில் திறப்பு இருக்கும். வெள்ளத்தை வருடாந்திர விருந்தாளி மாதிரி வைத்து வாழ்ந்த ஊர்.

மி சோன் அங்கிருந்து கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர். அந்தப் பகுதியை முன்பு ஆண்ட சாம் அரசர்களின் சிவன் கோயில்கள், 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோயில் போய்விட்டது. கோயில் மேட்டுக்கு நடுவிலேயே குண்டு விழுந்த பள்ளம். தமிழ்த் தடம் பேச மாட்டேன் என்று சொன்னேன், லிங்கத்தைப் பார்த்தாகிவிட்டது, மன்னிக்கவும்.

ஹுவே, 1802 முதல் 1945 வரை நுயென் அரசர்களின் தலைநகர். கோட்டையின் பெரும்பகுதி வியட்நாம் போரின் 1968 சண்டையில் நொறுங்கியது. காலி மைதானங்களில் புல் வளர்ந்திருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஹோய் ஆன் அளவுக்கு அழகில்லை. ஆனால் ஹுவேயில் ஊர்க்காரர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், உங்களுக்காக விளக்கு ஏற்ற மாட்டார்கள்.

ஜனவரி 23

சைவச் சாப்பாடு. இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

"காய்கறி மட்டும்" என்று சொன்னால் வேலைக்கு ஆகாது. காய்கறி போட்டு, மீன் சாறு ஊற்றிக் கொடுப்பார்கள். அவர்கள் கணக்கில் அது மீன் இல்லை, உப்பு. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது சம்பலில் ஒளிந்திருக்கும்.

தாய்லாந்தில் "ஜே" என்று சொல்லுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட கடை. இறைச்சி, மீன் மட்டுமில்லை, வெங்காயம் பூண்டுகூட இருக்காது. நம்மூர் மடப்பள்ளி ஆசாரம். வியட்நாமில் "சாய்". சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் நிறையப் பேர் சைவம் சாப்பிடுவார்கள், அன்றைக்கு வழக்கமான கடைகளிலும் கிடைக்கும். ஹுவேயில் பௌத்த மடங்களின் செல்வாக்கால் சைவச் சமையலே ஒரு கலை. ஜாவாவில் டெம்பே என்ற புளிக்க வைத்த சோயா இருக்கும் வரை பட்டினி இல்லை.

ஜே பற்றிப் பேசினால் பூகெட் நினைவுக்கு வருகிறது. எல்லோரும் கடற்கரைக்கு ஓடுவார்கள், அங்கே வெள்ளீயப் பணத்தில் கட்டிய பழைய நகரம் ஒன்று இருக்கிறது. சீனர்களின் ஒன்பதாம் மாதத்தில், பெரும்பாலும் அக்டோபரில், ஒன்பது நாள் சைவ விழா. கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு ஊர்வலம் போவார்கள். தைப்பூசம் பார்த்தவர்களுக்குத் திகைப்பாக இருக்காது, சத்தம்தான் அதிகம், பட்டாசு காதைக் கிழிக்கும்.

ஜனவரி 27

"எந்த மாதம் போகலாம்" என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. ஒரே மாதத்தில் ஒரு கரையில் வெயில், எதிர்க் கரையில் வெள்ளம்.

நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவமழை மலேசியாவின் கிழக்குக் கரையைப் போட்டு அடிக்கும், திரங்கானு தீவுகளில் விடுதிகளே மூடிவிடும். அதே டிசம்பர், ஜனவரியில் பினாங்கு நன்றாக இருக்கும். ஹோய் ஆன், ஹுவே பக்கம் அக்டோபர், நவம்பர் வேண்டாம், மேலே சொன்ன கோடுகள் அந்த மாதங்களில் போட்டவை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இனிது. ஆனால் சரியாக அதே மாதங்களில் வட தாய்லாந்தின் சியாங் மாயும் லுவாங் பிரபாங்கும் புகையில் மூழ்கும். வயலையும் காட்டையும் எரிப்பார்கள், மலை கண்ணுக்குத் தெரியாது, தொண்டை கரகரக்கும். ஆஸ்துமாக்காரர்கள் அந்தப் பக்கம் தலை வைக்கவே கூடாது. அங்கே நவம்பர், டிசம்பர் சரி. பாலி, ஜாவா ஏப்ரலுக்குப் பிறகு அக்டோபர் வரை. பிலிப்பைன்ஸின் விகான் பக்கம் ஜூலை முதல் அக்டோபர் வரை புயல்.

பாலியில் நியேப்பி என்ற மௌனப் புத்தாண்டு நாளில் விமான நிலையமே இருபத்துநான்கு மணி நேரம் மூடப்படும். அன்றைக்குத் திரும்பும் பயணச்சீட்டு எடுத்துவிட்டு, எப்படி வெளியேறுவது என்று கேட்டிருக்கிறார் ஒருவர். முடியாது ஐயா. அறைக்குள் விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள், எல்லோரும் அதைத்தான் செய்வார்கள்.

பிப்ரவரி 1

விட்டுப்போன இரண்டு.

பிலிப்பைன்ஸின் விகான். 1572இல் ஸ்பானியர் நிறுவியது. கல் பாவிய தெரு, குதிரை வண்டி, கீழே செங்கல்லும் மேலே மரமுமான வீடுகள், சிப்பியில் செய்த ஜன்னல் சட்டங்கள். கட்டிக்கொடுத்த சீன வணிகர்களின் கை அதில் தெரியும். ஒரே ஒரு தெருவுக்காக மணிலாவிலிருந்து எட்டு, பத்து மணி நேரம் பேருந்தில் போவதா என்றால், எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். பக்கத்து நகரமான லாவாக் வரை விமானம் கிடைத்தால் மட்டும் போங்கள்.

போர்னியோ தீவில் உள்ள மலேசிய மாநிலமான சரவாக்கின் கூச்சிங். இது இப்போதும் மாநிலத் தலைநகர், பணமும் போகவில்லை, மறுபடி என் கணக்கு உதைக்கிறது. 1841 முதல் 1946 வரை புரூக் என்ற ஆங்கிலக் குடும்பம் ராஜாக்களாக இருந்து ஆண்ட விசித்திரம். ஆற்றங்கரையில் நடக்கலாம், தம்பாங் படகில் அக்கரைக்குச் சில்லறைக் காசில் போகலாம். ஈபான், பிடாயு என்ற பூர்வகுடிகள், மலாய், சீனர் எல்லோரும் ஒரே காப்பிக் கடையில் உட்கார்வதை இங்கே பார்க்கிற அளவு வேறெங்கும் பார்க்கவில்லை. 2022இல் திறந்த போர்னியோ பண்பாட்டு அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். கோலாலம்பூரிலிருந்து போனாலும் கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும், சரவாக்குக்குத் தனிக் குடிநுழைவுச் சோதனை உண்டு, மலேசியர்களுக்கேகூட.

பணம் விலகிய ஊர், விலகாத ஊர் என்று நான் பிரித்தது மேடானிலும் கூச்சிங்கிலும் நிற்கவில்லை. பழைய கட்டடம் வேண்டும் என்றால் அந்தக் கணக்கு சரி. பல ஜனங்கள் கலந்து வாழ்வதைப் பார்க்க வேண்டும் என்றால் பணம் ஓடுகிற ஊரும் வேண்டும், வேலை இருக்கிற இடத்தில்தானே ஆள் கலப்பு.

பிப்ரவரி 3

"ஒரு வாரம், வயதான அப்பா அம்மா கூட, சைவம்" என்று கேட்டவருக்கு. நாடு மாற்றாதீர்கள், மலேசியா ஒன்றே போதும். பினாங்கில் இறங்கி நான்கு இரவு. மலைக்கு இழுவை ரயில் இருக்கிறது, 1923 முதல் ஓடுகிறது, பெரியவர்கள் ஏற வேண்டியதில்லை. அதற்குக் காலையில் போங்கள். பட்டர்வொர்த் வரை படகு, அங்கிருந்து ரயிலில் ஈப்போ, ஒரு இரவு. பிறகு கோலாலம்பூர் வழியாக மலாக்கா இரண்டு இரவு. மலாக்கா ஊருக்குள் ரயில் கிடையாது, கோலாலம்பூரின் தெற்கு முனையத்திலிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துதான். இறங்குகிற மலாக்கா சென்ட்ரல் பழைய ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, பெட்டியோடு நடக்க வைக்காமல் ஒரு கார் எடுங்கள்.

மலாக்காவில் ஜோங்கர் தெரு இரவுச் சந்தை வெள்ளி முதல் ஞாயிறு வரை. அப்பா அம்மாவுக்குக் கூட்டம் ஆகாது என்றால் மலாக்காவைத் திங்களுக்கும் வியாழனுக்கும் நடுவே வையுங்கள். அறை வாடகையும் அப்போது இறங்கியிருக்கும்.